சட்டாம்பிள்ளையும் சாரக்கட்டும்

(மன்றக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இடைநிலை வகுப்புகளில் உயிரியற் பாடத்தை மாணாக்கர் மாணாக்கருக்குக் கற்பித்தல் என்பது எங்களுக்குத் தரப்பட்ட பொருள். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது உலக வழக்கந்தானே, இதிலே ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கிறது என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அந்த உலக வழக்கத்திலேதான் சிக்கலே இருக்கிறது. சொல்லிக் கொடுத்தல் என்னும் தொடரில் சொல்லுதலும் உண்டு, கொடுத்தலும் உண்டு. நம் வகுப்பறைகளிற் சொல்லுதல் மிகுந்துவிட்டது. கொடுத்தல் மிக அருகிவிட்டது. கூட்டாளி சொன்ன விடையைக் கொப்பியில் எழுதிக்கொண்ட பிள்ளை, அடுத்த தவணைப் பரீட்சையில் அதே வினா வேறு உருவில் வந்தால் பேனாவைக் கடித்துக்கொண்டு இருப்பதை யார்தான் காணவில்லை?

சக மாணாக்கர் கற்பிப்பது மேனாட்டிலிருந்து வந்த புதுமை என்று சிலர் பேசுகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறு. நம் முன்னோர் படித்த திண்ணைப் பள்ளிகளிலே சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருப்பான். ஆசிரியருக்கு அடுத்த நிலையில் இருந்து, சிறு பிள்ளைகளின் பாடத்தை ஒப்புவிக்கக் கேட்பதும், மணலில் எழுத்து எழுதப் பழக்குவதும், குறும்பு செய்பவனைக் காட்டிக் கொடுப்பதும் அவன் வேலை. இந்தச் சட்டாம்பிள்ளைதான் கடல் கடந்து இங்கிலாந்துக்குப் போனான் என்றால் நம்புவீர்களா?

அந்திரு பெல் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார் 1787இற் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகளின் இல்லத்துக்கு மேற்பார்வையாளரானார். அங்கிருந்த சம்பள ஆசிரியர்கள் அவர் சொற் கேட்கவில்லை. ஒரு நாட் காலை குதிரையிற் செல்லும்போது, தெருவோரப் பள்ளியொன்றிற் பிள்ளைகள் நிலத்தில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரை மலபாரிகள் என்று அழைத்தபடியால், அதனை 'மலபார்ப் பள்ளி' என்றே எழுதினர். திரும்பி வந்து அதையே செய்யும்படி தம் ஆசிரியருக்குச் சொன்னார். அது நடவாத காரியம் என்றார் ஆசிரியர். பெல் பாதிரியார் சளைக்கவில்லை. யோன் பிரிஸ்கின் என்னும் எட்டு வயதுச் சிறுவனைக் கூப்பிட்டு, அரிச்சுவடி வகுப்பை அவன் கையில் ஒப்படைத்தார். பெரியவரால் முடியாது என்றதைச் சிறுவன் செய்து காட்டினான்.

1796இல் நாடு திரும்பிய பெல், அடுத்த ஆண்டே தம் பரிசோதனையைப் பற்றி நூல் வெளியிட்டார். 1798இல் இலண்டனிற் பள்ளி தொடங்கிய யோசேப்பு லங்காஸ்தரும் இதையொத்த முறையைக் கைக்கொண்டார். 'மெட்ராஸ் முறை' என்று பெயர் பெற்றுப் பல நாடுகளுக்கும் அது பரவியது. பெல் விட்டுச் சென்ற பணத்தில் எழுந்த கலாசாலை ஒன்று ஸ்கொத்லாந்தின் சென் அன்ட்ரூஸ் நகரில் இன்றும் உண்டு. அதன் பெயர் மெட்ராஸ் கொலிஜ். கடுங்குளிர் நாட்டுப் பிள்ளைகள் சென்னையின் பெயரைச் சட்டைப்பையிற் பொறித்துக்கொண்டு பள்ளிக்குப் போகிறார்கள்.

நிற்க. அந்த முறை ஏன் நிலைக்கவில்லை என்பதே நமக்கு வேண்டிய பாடம். 1846 முதல் இங்கிலாந்து அரசாங்கம் சட்டாம்பிள்ளையை விட்டு, பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர் முறைக்கு மாறத் தொடங்கியது. காரணம் வெளிப்படை. சட்டாம்பிள்ளை தான் மனனஞ் செய்ததைப் பிறரை மனனஞ் செய்விப்பான். ஒப்புவித்தால் மேலே ஏற்றுவான், தவறினாற் கீழே இறக்குவான். "ஏன்?" என்று கேட்ட பிள்ளைக்கு அவனிடம் விடை இல்லை. அரிச்சுவடிக்கும் பெருக்கல் வாய்பாட்டுக்கும் அம்முறை போதும். குருதி எவ்வாறு இருதயத்தின் நான்கு அறைகளினூடும் செல்கிறது என்பதற்கு அது போதாது. இன்னொன்றும் உண்டு. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர் போதும் என்ற சிக்கனக் கணக்கே அம்முறையைப் பலருக்கு இனிப்பாக்கிற்று. இந்தச் சிக்கனக் கணக்கைப் பற்றிப் பின்னர் ஒரு வார்த்தை சொல்வோம்.

இப்பொழுது சாரக்கட்டுக்கு வருவோம். சாரம் என்றதும் மருதமுனைச் சாறன் சிலருக்கு நினைவு வந்து சிரிப்பது தெரிகிறது. நாங்கள் சொல்வது உடுக்கும் சாறன் அன்று. சுவர் எழுப்பும்போது மேசன்மார் கம்பும் கயிறும் கொண்டு கட்டும் சாரக்கட்டு. மேசனின் கை எட்டும் உயரம் வரை அது வேண்டியதில்லை. எட்டாத இடத்துக்கு வரும்போது கட்டுகிறார்கள். சுவர் இறுகியதும் அவிழ்த்து விடுகிறார்கள். வீடு குடிபூரலுக்கு வரும் விருந்தினர் சாரக்கட்டைப் பார்ப்பதில்லை.

இந்த உவமையைக் கல்வி உலகிற் புகுத்தியவர்கள் டேவிட் வூட், ஜெரோம் புரூணர், கெயில் ரொஸ் என்னும் மூவர். 1976இல் வெளியான அவர்களின் ஆய்வு மிக எளியது. மூன்று, நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் 30 பேரிடம், ஒன்றோடொன்று பொருந்தும் 21 மரக்கட்டைகளைக் கொடுத்து ஒரு கூம்புக் கோபுரம் கட்டச் செய்தனர். அருகில் ஒரு பயிற்றுநர் இருந்தார். மூன்று வயதுப் பிள்ளையின் மனம் விளையாட்டில் ஓடிவிடாமல் இழுத்துப் பிடிப்பதே அவருக்குப் பெரும்பாடாயிற்று. நான்கு வயதுப் பிள்ளைக்குப் பிழை எங்கே என்று வாய்ச்சொல்லாற் சுட்டினாற் போதும். ஐந்து வயதுப் பிள்ளையோ, தானே கட்டிவிட்டு, "சரிதானே?" என்று கேட்கும் நிலையில் இருந்தது. உதவி ஒன்றுதான், ஆளுக்கு ஆள் அதன் அளவும் வகையும் வேறு. பிள்ளை தடுமாறினால் உதவியைக் கூட்டு, பிள்ளை தேறினால் உதவியைக் குறை என்பதே வூட் பின்னரும் வற்புறுத்திய விதி.

இதற்கு முன்னோடியாக உருசிய நாட்டில் லெவ் வைகொட்ஸ்கி என்பவர் இருந்தார். 1934இல், நாற்பது வயதை எட்டு முன்னரே இறந்துபோனார். ஒரு பிள்ளை தனியே செய்யக்கூடியது ஓர் எல்லை; மற்றவர் துணையோடு செய்யக்கூடியது அதற்கு அப்பால் இன்னோர் எல்லை; இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியிலேதான் கற்பித்தல் நடைபெற வேண்டும் என்றார். அண்மை விருத்தி வலயம் என்று ஆசிரிய கலாசாலைகளில் அதனைப் படிப்பிக்கிறார்கள். அந்தத் துணை ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. திறமை கூடிய தோழனாகவும் இருக்கலாம் என்றார்.

தோழன் துணை நிற்பதில் ஒரு வசதி உண்டு. நேற்றுத்தான் அந்தப் பாடத்தில் விழுந்து எழும்பியவனுக்கு, எந்த இடத்திற் கால் இடறும் என்பது நன்றாகத் தெரியும். இருபது வருடம் படிப்பித்த ஆசிரியருக்கு அந்தக் கல் தேய்ந்து மறைந்திருக்கும். ஆனால் ஓர் இடையூறும் உண்டு. 2007இல் ரொஸ்கோ, சீ என்னும் இரு ஆராய்ச்சியாளர், சக மாணாக்கர் கற்பிக்கும் முறையைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தனர். கற்பிக்கும் மாணாக்கர் பெரும்பாலும் தமக்குத் தெரிந்ததை அப்படியே கொட்டிவிடுகின்றனர். கேட்டு, சிந்தித்து, விளக்கத்தைத் திருத்திக் கட்டுவது அரிதாகவே நடக்கிறது என்று கண்டனர். நோரீன் வெப் என்னும் அமெரிக்கப் பேராசிரியை அதற்கு முன்பே குழுவாகப் படிக்கும் பிள்ளைகளை ஆராய்ந்தார். விளக்கம் இன்றி விடையை மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறவில்லை என்பது அவர் கண்ட முடிவு. அதாவது, பயிற்றாத தோழனை அருகில் இருத்தினால், நமக்குக் கிடைப்பது பழைய சட்டாம்பிள்ளைதான்.

இதனை ஒரு பாடத்தில் வைத்துப் பார்ப்போம். க.பொ.த. சாதாரண தர விஞ்ஞானத்திற் பிள்ளைகளை மிரட்டும் சொற்களில் ஒன்று பிரசாரணம். சட்டாம்பிள்ளை வழியிற் கற்பிக்கும் மாணவி வரைவிலக்கணத்தை மூன்று முறை சொல்லுவாள், மற்றவள் மூன்று முறை திருப்பிச் சொல்லுவாள், பாடம் முடிந்துவிடும். சாரக்கட்டு வழியிற் கற்பிப்பவள் முதலில் வாயைத் திறக்கமாட்டாள். ஓர் உருளைக்கிழங்கை இரண்டாகப் பிளந்து, நடுவிற் குழி தோண்டி, உலர்ந்த உப்பை ஒரு கரண்டி இடுவாள். அரை மணித்தியாலத்தில் அந்தக் குழியில் நீர் தேங்கி நிற்கும். பாண்டிருப்பைச் சேர்ந்த உயர்தர வகுப்பு அக்கா ஒருத்தியும் மருதமுனையைச் சேர்ந்த பத்தாந் தரத் தங்கை ஒருத்தியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு இப்படிப் போகும்:

"தங்கச்சி, நாம தண்ணி ஊத்தினமா?"

"இல்லயே அக்கா."

"அப்ப இது எங்க இருந்து வந்திருக்கும்?"

"தெரியா... கிழங்குக்குள்ள இருந்தா?"

"சரி. உங்கட உம்மா மீனை வெட்டி உப்புப் போட்டு வச்சா என்ன நடக்கும்?"

"தண்ணி வடியும். பிறகு வெயில்ல காயப் போடுவாங்க. ஆ! அதுவும் இதுவும் ஒண்டா அக்கா?"

"அத நான் சொல்லமாட்டன். ஏன் ஒண்டு எண்டு நீங்க எனக்குச் சொல்லுங்க."

இதில் அக்கா செய்தவை எவை? வினாவைச் சுருக்கினாள், முதலில் நீரை மட்டும் பார்க்கச் சொன்னாள், மென்சவ்வைப் பற்றிப் பேசவில்லை. கவனிக்க வேண்டிய இடத்தைத் தொட்டுக் காட்டினாள். தங்கை மனந்தளரு முன் அவள் வீட்டு முற்றத்திலிருந்தே ஒரு படியைக் கொண்டு வந்து வைத்தாள். பின்பு கையை எடுத்துக்கொண்டாள். கலத்தைச் சூழ்ந்த மென்சவ்வு நீரைப் போகவிட்டு உப்பைத் தடுக்கிறது, நீர் செறிவு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்குச் செல்கிறது என்ற விளக்கத்துக்கு இப்பொழுது இடம் உண்டு. ஏனென்றால் அதைக் கேட்கும் ஆவல் பிறந்துவிட்டது.

ஆனால் இத்துடன் நின்றால் அரைக் கிணறு தாண்டியதாகவே முடியும். சாரக்கட்டை அவிழ்க்க வேண்டும் அல்லவா? அடுத்த கிழமை அக்கா உலர்ந்த முந்திரிகைப் பழம் இரண்டைக் கொண்டு வந்து, நீரில் இடு முன்னரே, "என்ன நடக்கும்?" என்று மட்டும் கேட்பாள். அதற்கடுத்த கிழமை, வயலில் யூரியாவை அளவுக்கு மிஞ்சி எறிந்தாற் பயிர் ஏன் கருகுகிறது என்பதைத் தங்கை தானே எழுதிக்கொண்டு வர வேண்டும். அக்கா வாசிப்பதோடு சரி. எப்போது உதவினோம் என்பதைப் போலவே, எப்போது விட்டோம் என்பதும் கணக்கில் வர வேண்டும். நம் பகுதியின் தனியார் வகுப்புகளிற் சாரக்கட்டு உண்டு, மிக உயரமாகவும் உண்டு, அவிழ்ப்பார்தான் இல்லை. குறிப்பும் மாதிரி விடையும் பரீட்சைக்கு முதல் நாள் இரவு வரை வந்துகொண்டே இருக்கும்.

உயிரியலிற் படங்கள் முக்கியமானவை. இருதயத்தின் படத்தில் இடது சோணையும் இடது இதயவறையும் பார்ப்பவரின் வலப்பக்கத்தில் இருக்கும். எத்தனையோ பிள்ளைகள் இதிற் குழம்புகிறார்கள். "அப்படித்தான் மனப்பாடம் செய்" என்று சொல்வது ஒரு வழி. "படத்தை வெளியே பார்க்கும்படி உன் நெஞ்சில் வைத்துப் பிடி, இப்போது இடது எந்தப் பக்கம்?" என்று கேட்பது இன்னொரு வழி. இரண்டாவது வழியிற் கற்றவனுக்கு அது மறப்பதில்லை. இந்தத் தந்திரத்தை வகுப்பிற் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் ஆசிரியர் அல்லர். பக்கத்து வாங்குப் பிள்ளைதான்.

சொற்களைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். நம் பிள்ளைகள் கைத்தொலைபேசியிற் பார்க்கும் தமிழ்ப் பாடங்களிற் பல தமிழ்நாட்டிலிருந்து வருபவை. அங்கே செல் என்பது இங்கே கலம். அங்கே ஒளிச்சேர்க்கை, இங்கே ஒளித்தொகுப்பு. அங்கே சவ்வூடு பரவல், இங்கே பிரசாரணம். இரண்டும் ஒன்றே என்று தெரியாமல் இரண்டு பாடங்களாகப் படித்துத் திணறும் பிள்ளைக்கு, இரண்டையும் கேட்டுப் பழகிய தோழனே தக்க மொழிபெயர்ப்பாளன்.

கலைச்சொல் என்றதும் காரைதீவு தந்த பெருமகனார் சுவாமி விபுலாநந்தரை நினையாமல் இருப்பதெப்படி? 1936இற் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவரன்றோ? முத்தமிழ் முனிவர் என்று போற்றும் நாம், அவர் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரி என்பதையும், யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பித்தவர் என்பதையும் விழாக்களில் அவ்வளவாகச் சொல்வதில்லை. கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் கற்றவர் அவர். ஆகவே மிஷன் பாடசாலையிற் படித்த எங்களை இந்த மேடையில் ஏற்றியது குறித்து யாருக்கேனும் ஐயம் இருந்தால், அடிகளாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி, எதிர்ப்புகளுக்கு வருவோம். பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அது கடுமையான கேள்வி. அதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. "எங்கள் பிள்ளை ஏன் மற்றவர் பிள்ளைக்குப் படிப்பிக்க வேண்டும்? நாளைக்கு மருத்துவ பீடத்துக்குப் போகும் இடத்தை அந்தப் பிள்ளை பிடித்துக்கொண்டால்?" இந்த அச்சம் வெறும் பொறாமை அன்று. நம் நாட்டிற் பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. அம்பாறை மாவட்டப் பிள்ளைக்கு உண்மைப் போட்டியாளன் கொழும்பில் இல்லை. அதே வாங்கில் இருக்கிறான். கல்முனைப் பிள்ளையும் சாய்ந்தமருதுப் பிள்ளையும் சம்மாந்துறைப் பிள்ளையும் அதே சில இடங்களுக்காகவே எழுதுகிறார்கள். இந்த ஏற்பாட்டின் நியாய அநியாயங்களை இங்கே பேச வரவில்லை. ஆனால் கொப்பியைக் கையால் மறைக்கும் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பெரியவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

பெற்றோருக்கு எங்கள் விடை இது. 1982இல் கோகன் என்பவரும் குலிக் தம்பதியரும் 65 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். கற்பித்த மாணாக்கரின் சொந்தப் பெறுபேற்றை அளந்த ஆய்வுகள் அவற்றுள் 38. இவற்றில் 33இற் கற்பித்தவர்களே கற்பிக்காதவர்களைவிட நன்றாகச் செய்திருந்தனர். அதற்கு இரண்டு ஆண்டு முன்னர், 1980இல், பார்க், சூல் என்னும் இருவர் இன்னும் வியப்பான ஒன்றைக் கண்டனர். பிறருக்குக் கற்பிக்கப் போகிறோம் என்ற எண்ணத்தோடு படித்தவர்கள், பரீட்சைக்காகப் படித்தவர்களைவிடக் கூடுதலாகக் கற்றனர். ஆகவே கொப்பியை மறைக்கும் பிள்ளைதான் நட்டப்படுகிறது. தனக்கு விளங்கியது என்று நினைத்திருந்த ஒடுக்கற்பிரிவு தனக்கே விளங்கவில்லை என்பது, பத்தாந் தரத் தங்கை "ஏன் அக்கா பாதியாகுது?" என்று கேட்கும்போதுதான் அந்த அக்காவுக்கு வெளிக்கும். பரீட்சை மண்டபத்தில் வெளிப்பதைவிட வீட்டுத் திண்ணையில் வெளிப்பது மேல்.

சிக்கனக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை என்றோமல்லவா? உயிரியல் ஆசிரியர் இல்லாத பாடசாலையில், "பிள்ளைகள்தாம் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார்களே, ஆசிரியர் எதற்கு?" என்று அதிகாரிகள் யாரேனும் கூறத் துணிந்தால், அதை எதிர்ப்பவர்களில் முதல் வரிசையில் நாங்கள் நிற்போம். தோழன் சரியானதைப் பரப்புவதைப் போலவே பிழையையும் விரைவாகப் பரப்புவான். தாவரம் பகலில் ஒளித்தொகுப்புச் செய்கிறது, இரவில் மட்டுமே சுவாசிக்கிறது என்ற தவறான எண்ணம் வகுப்புக்கு வகுப்பு, அண்ணனிடமிருந்து தம்பிக்கு, வாரிசுச் சொத்துப் போல இறங்கி வருகிறது. தாவரம் இரவும் பகலும் சுவாசிக்கிறது என்று நிறுத்திச் சொல்ல ஓர் ஆசிரியர் வேண்டும். மேசன் இல்லாத இடத்திற் சாரக்கட்டு வெறும் கம்புக் குவியல்.

அன்பர்களே, இம்மன்றம் சனிக்கிழமைகளில் மாலை வகுப்பு நடத்த வேண்டும் என்று சென்ற கூட்டத்திற் பேசப்பட்டது. அதை உயிரியலில் இம்முறைப்படி தொடங்கலாம் என்பது எங்கள் வேண்டுகோள். உயர்தர உயிரியற் பிரிவு மாணாக்கர் ஒருவருக்குச் சாதாரண தரப் பிள்ளைகள் இருவர். மூவருக்கு மேற் போகக் கூடாது. கற்பிக்கப் போகும் பிள்ளைகளை முதல் இரண்டு கிழமையும் ஓய்வு பெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவரிடம் இருத்தி, விடை சொல்லாமல் வினாக் கேட்கப் பழக்க வேண்டும். அதுவே மிகக் கடினமான பகுதி. அதைத் தவிர்த்துவிட்டு வகுப்பைத் தொடங்குவதானால் தொடங்காமலே இருக்கலாம்.

வகுப்பு யாருக்கு என்ற கேள்வியும் எழும். மன்றத்தின் பெயரில் இந்து என்று இருக்கிறது. விஞ்ஞான வினாத்தாளில் அப்படி ஒன்றும் இல்லை. தெருவின் இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கும் அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கும் வருவது ஒரே தமிழிலே அச்சிட்ட ஒரே தாள். இரு பகுதியாரும் வெவ்வேறு பாடசாலைகளிற் படித்து, ஒருவரையொருவர் சந்தையிலும் பஸ்ஸிலும் மட்டும் காணும் ஊரில், ஓர் உருளைக்கிழங்கைச் சுற்றி மூன்று பிள்ளைகள் அமர்வது சிறிய காரியம் அன்று. முஸ்லிம் பிள்ளைகளும் வருவதானால் மஃரிபுக்கு அரை மணித்தியாலம் முன்னதாக வகுப்பு முடிய வேண்டும். பெண் பிள்ளைகளுக்குப் பெண் பிள்ளைகளே கற்பிப்பதாக ஏற்பாடு செய்தால், இரு பகுதித் தாய்மாருக்கும் மனம் ஆறும்.

முதல் நாளுக்கு வேண்டியவை அதிகம் இல்லை. ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் உருளைக்கிழங்கு, ஒரு கரண்டி உப்பு, சவர அலகு ஒன்று, செவ்வரத்தைப் பூ இரண்டு. பூவை நெடுக்காக வெட்டிச் சூலகத்தைக் காணும் பாடம், உப்பு வேலை செய்யும் அந்த அரை மணித்தியாலத்தை நிரப்பும். நுணுக்குக்காட்டி இப்போதைக்கு வேண்டியதில்லை; அயற் பாடசாலை அதிபர் ஒருவரிடம் மூன்றாம் மாதத்திற் கேட்டுப் பார்க்கலாம். கற்பிக்க விரும்பும் உயர்தர மாணாக்கர் இன்றைக்கே செயலாளரிடம் பெயரைக் கொடுத்துவிட்டுப் போகலாம்.